மெலனோமா செல் எப்படி குணம் மாறுது, ஏன் பரவுது: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

கேன்சர் பயாலஜி பாடம் எடுக்கறதால எனக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் கேள்வி வரும். ஒரு பக்கம் கிளாஸ் பசங்க, இன்னொரு பக்கம் வீட்ல யாருக்காவது மெலனோமான்னு ரிப்போர்ட் வந்து ஒண்ணும் புரியாம போன் பண்றவங்க. ரெண்டு பேரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். சிகிச்சை முடிவெல்லாம் உங்க ஆன்காலஜிஸ்ட் கிட்டதான் எடுக்கணும், இங்க இருக்கறது அந்த செல்லுக்குள்ள என்ன நடக்குதுங்கறது மட்டும்.

மேம், மெலனோமாவும் ஸ்கின் கேன்சரும் ஒண்ணுதானே?

தோல்ல வர கேன்சர் பல வகை, அதுல மெலனோமா ஒண்ணு. தோலுக்கு நிறம் குடுக்கற மெலனினை தயாரிக்கற செல்லுக்கு மெலனோசைட்னு பேரு, அந்த செல் கட்டுப்பாடு இல்லாம பெருக ஆரம்பிச்சா அது மெலனோமா. பேசல் செல், ஸ்குவாமஸ் செல்னு சொல்ற மத்த ரெண்டு வகைதான் எண்ணிக்கையில ரொம்ப அதிகம், ஆனா தோல் கேன்சரால போற உயிர்கள்ல பெரும்பங்கு மெலனோமாவால போறது.

மெலனோசைட் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி வரதெல்லாம் சுலபமா புரியும். மேல்தோலோட அடி வரிசையில, கெரட்டினோசைட்னு சொல்ற சாதாரண தோல் செல்களுக்கு நடுவுல தனித்தனியா இருக்கும். ஒவ்வொண்ணும் நீளநீளமா கிளை விட்டு சுத்தியிருக்கற 30-40 கெரட்டினோசைட்டுக்கு மெலனின் குடுக்கும், அந்த கெரட்டினோசைட்கள் ஈ-கேட்ஹெரின்ங்கற புரதத்தால இதை இறுக்கி பிடிச்சு வச்சு, எப்ப பெருகலாம் எப்ப கூடாதுன்னு அடக்கி வைக்கும். இந்த பிடி விட்டுப்போறதுதான் முதல் பிரச்சனை.

எனக்கு உடம்பு பூரா மச்சம் இருக்கு, எல்லாம் கேன்சரா மாறிடுமா?

மாறாது, பெரும்பாலான மச்சம் ஆயுசு பூரா அப்படியேதான் இருக்கும். மச்சம்ங்கறதே மெலனோசைட்கள் கொஞ்ச காலம் பெருகிட்டு அப்புறம் நின்னுபோன கூட்டம். 2002ல மெலனோமா கட்டிகள்ல சுமார் பாதியில பிராஃப்ங்கற ஜீன்ல வி600ஈன்னு ஒரு மாற்றம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, எல்லாரும் இதுதான் காரணம்னு நினைச்சாங்க, அப்புறம் பாத்தா சாதாரண மச்சங்கள்லயும் அதே மாற்றம் நிறைய இருக்கு. அந்த ஜீன் பெருகு பெருகுன்னு தள்ளுது, ஆனா பி16ங்கற பிரேக்கும் சேர்ந்து செல் தன்னையே நிறுத்திக்குது. அந்த பிரேக்கும் போய், இன்னும் சில மாற்றங்களும் சேர்ந்தாதான் மெலனோமா.

கவனிக்க வேண்டியது மாறுற மச்சத்தை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது, ஓரம் கிழிஞ்ச மாதிரி இருக்கறது, ஒரே மச்சத்துல பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல அகலம், நாளாக ஆக மாற்றம். இதுல கடைசியைதான் நான் எப்பவும் அழுத்தி சொல்வேன், மாறிட்டே இருக்கற மச்சத்தை டெர்மட்டாலஜிஸ்ட் கிட்ட காட்டிடுங்க.

நம்ம கலருக்கெல்லாம் இது வராதுன்னு சொல்றாங்களே அக்கா?

குறைவா வரும், வராதுங்கறது தப்பு. வெள்ளைக்காரங்களுக்கு வெயில்ல இருக்கற புற ஊதா கதிர்தான் பெரிய காரணம், கருப்பு மாநிற தோல்ல இருக்கற மெலனின் அதை நல்லாவே தடுக்கும். ஆனா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வர ஏக்ரல் மெலனோமாவுக்கு வெயில் முக்கிய காரணமே இல்ல, நம்மள மாதிரி தோல் இருக்கறவங்களுக்கு மெலனோமா வந்தா அதுல இந்த வகையோட பங்கு அதிகம். பாடகர் பாப் மார்லி 1981ல 36 வயசுல இறந்தது கால் கட்டைவிரல்ல ஆரம்பிச்ச மெலனோமாவாலதான்.

நம்ம ஊர்ல வெறுங்கால்ல நடக்கறோம், கால்ல கருப்பா ஒண்ணு வந்தா முள்ளு குத்துனதுன்னோ ஆணின்னோ அடிபட்டு ரத்தம் கட்டுனதுன்னோ விட்டுடறோம், இதை நினைச்சாதான் எனக்கு வருத்தமா இருக்கும். ஒரே ஒரு நகத்துல கருப்பு கோடு விழுந்து அகலமாகிட்டே போனா, இல்ல அந்த கருப்பு நகத்தை தாண்டி சுத்தியிருக்கற தோலுக்கும் பரவுனா, தள்ளிப்போடாம காட்டுங்க.

ரிப்போர்ட்ல பிரெஸ்லோ 0.7 எம்எம்னு போட்டிருக்கு, இவ்ளோ சின்னதுக்கு ஏன் இவ்ளோ பயப்படுத்தறாங்க?

அது அகலம் இல்ல, ஆழம். 1970ல அலெக்சாண்டர் பிரெஸ்லோ சொன்ன அளவு இது, மேல்தோல்ல இருந்து கட்டி எவ்ளோ ஆழமா இறங்கியிருக்குன்னு மைக்ரோஸ்கோப்ல அளக்கறது. 1, 2, 4 மில்லிமீட்டர்னு படிப்படியா ரிஸ்க் ஏறும். 0.7ங்கறது மெல்லிசு, பெரும்பாலும் அறுத்து எடுத்தாலே சரியாயிடும், அதனால அந்த நம்பரை பாத்து பயப்பட வேண்டாம்.

மில்லிமீட்டர் கணக்குக்கு ஏன் இவ்ளோ மதிப்புன்னா, மெலனோமா முதல்ல பக்கவாட்டுல தான் வளரும், மேல்தோலுக்குள்ளயே, இல்ல அதுக்கு சரியா கீழ மட்டும் லேசா. இது சில நேரம் வருஷக்கணக்குல கூட போகும். அப்புறம் ஒரு கட்டத்துல கீழ்நோக்கி டெர்மிஸ்ங்கற உள்தோலுக்குள்ள இறங்கும், அங்கதான் ரத்தக்குழாயும் நிணநீர் குழாயும் இருக்கு. பக்கவாட்டுல வளர்ந்த செல்லும் கீழ இறங்கற செல்லும் ஒரே கட்டிதான், நடத்தை வேற. முன்னாடி சொன்ன ஈ-கேட்ஹெரின் குறைஞ்சு என்-கேட்ஹெரின் வந்துடும், அதாவது கெரட்டினோசைட் பிடியில இருந்து விலகி உள்தோல்ல நார்களை உருவாக்கற ஃபைப்ரோபிளாஸ்ட்ங்கற செல்லோடயும் ரத்தக்குழாய் செல்லோடயும் ஒட்டிக்க ஆரம்பிக்கும்.

மத்த கேன்சரெல்லாம் பெருசாகி அப்புறம் பரவுது, இது மட்டும் ஏன் சின்னதா இருக்கறப்பவே ஓடுது?

இந்த பாடத்துலயே எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். மெலனோசைட் பொறந்தது தோல்ல இல்ல. கருவுல முதுகுத்தண்டு உருவாகிற இடத்துக்கு மேல நியூரல் கிரெஸ்ட்னு ஒரு செல் கூட்டம் இருக்கும், அதுங்க அங்க இருந்து கிளம்பி உடம்பு பூரா நடந்து போய் சிலது நரம்பு செல்லா, சிலது முகத்து எலும்பா, சிலது மெலனோசைட்டா ஆகும். ஆக இந்த செல்லோட பரம்பரைக்கே திசுக்களுக்கு நடுவுல புகுந்து தூரம் போற திறமை இருந்தது, இடம் வந்து சேர்ந்ததும் அது அணைஞ்சு போச்சு. மெலனோமா அதை திரும்ப எழுப்புது, புதுசா கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்ல.

இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. 2006ல மனுஷ மெலனோமா செல்லை கோழி கருவோட நியூரல் கிரெஸ்ட் இடத்துல வச்சு பாத்தாங்க, அதுங்க கட்டி எதுவும் கட்டாம, கோழியோட சொந்த செல்கள் போற அதே வழியில நடந்து போச்சு. 2016ல பாஸ்டன்ல லெனார்ட் சோன் குழு ஜீப்ராஃபிஷ் மீன்ல கரு காலத்துல மட்டும் வேலை செய்யற கிரெஸ்டின்ங்கற ஜீன் திரும்ப ஆன் ஆனா பச்சையா ஒளிர்ற மாதிரி பண்ணி வச்சாங்க. பிராஃப் மாற்றம் மீனோட எல்லா மெலனோசைட்லயும் இருந்தும் எங்கயாவது ஒரே ஒரு செல் பச்சையாகும், கட்டி அங்கதான் வரும்.

"குணம் மாறுது"ன்னு சொல்றீங்க, அப்போ திரும்ப ஜீன் மாறுதா மேம்?

ஜீன் மாறலாம், ஆனா நான் சொல்ற குணமாற்றத்துக்கு அது தேவையில்ல. அதே டிஎன்ஏவை வச்சுக்கிட்டு எந்த ஜீனை படிக்கறது எதை மூடி வைக்கறதுங்கறது மட்டும் மாறும். இதுல தலைமை ஆளு எம்ஐடிஎஃப்னு ஒரு புரதம், மெலனோசைட்டை மெலனோசைட்டா வச்சிருக்கறதே இதுதான். இதை ஆன் ஆஃப் சுவிட்ச்னு நினைக்காம ஃபேன் ரெகுலேட்டர்னு நினைங்க: ரொம்ப கூட்டி வச்சா செல் பெருகறதை குறைச்சு மெலனின் தயாரிக்க போயிடும், நடுவுல வச்சா வேகமா பெருகும், குறைச்சா பெருகறது மெதுவாகி நகர்ந்து ஊடுருவ ஆரம்பிக்கும், ஒரேயடியா இல்லாம போனா பெருகறது நின்னு சாகவும் செய்யும்.

முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு, பெருகறதும் பரவறதும் ரெண்டு தனி நிலை, ஒரு செல் ஒரு நேரத்துல பெரும்பாலும் ஏதாவது ஒண்ணுலதான் மும்முரமா இருக்கும். ரெண்டாவது, போன நிலையில இருந்து திரும்பி வர முடியும். நகர்ந்து நுரையீரலுக்கு போன செல் அங்கயும் நகர்ந்துட்டே இருந்தா கட்டி ஆகாது, திரும்ப பெருகற நிலைக்கு வந்தாதான் ஆகும்.

திரும்பி வருதுன்னு எப்படி நிச்சயமா சொல்றாங்க? ரெண்டும் வேற வேற செல்லா இருக்கலாமே?

நல்ல சந்தேகம், விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. 2008ல சூரிச்ல கீத் ஹோக் குழு வேகமா பெருகற வகை செல்லையும் ஊடுருவற வகை செல்லையும் தனித்தனியா எலிகளுக்கு போட்டாங்க. முதல் வகை சுமார் ரெண்டு வாரத்துல கட்டி ஆச்சு, ரெண்டாவது வகைக்கு கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா ரெண்டு கட்டியையும் வெட்டி பாத்தா வித்தியாசம் தெரியல, எதுலயும் எம்ஐடிஎஃப் நிறைய இருக்கற பகுதியும் இருந்தது குறைவா இருக்கற பகுதியும் இருந்தது. ஒரே வகையை போட்டும் ரெண்டு வகையும் வந்துச்சுன்னா, அதுங்க மாறியிருக்கணும்.

சரி, மாறணும்னு அதுக்கு யாரு சொல்றா?

சுத்தி இருக்கற சூழல். கட்டி வளர வளர நடுவுல ஆக்சிஜன் பத்தாது, குளுட்டமின் மாதிரி சத்தும் பத்தாது, அந்த தட்டுப்பாடு எம்ஐடிஎஃப்ஐ குறைக்கும், அதாவது பட்டினி போட்டா அந்த செல் வேற இடம் தேடி கிளம்பற நிலைக்கு போகுது. டிஜிஎஃப்-பீட்டா, டபிள்யுஎன்டி5ஏ மாதிரி பக்கத்து செல்கள் விடற சிக்னலும் அதே பக்கம் தள்ளும், வீக்கம் இருக்கற இடத்துல சுரக்கற டிஎன்எஃப்பும் அப்படித்தான்.

வயசும் ஒரு காரணம்ங்கறது பலருக்கு தெரியாது. அஷானி வீரரத்னா குழு 2016ல காட்டுனது இது: வயசான தோல்ல இருக்கற ஃபைப்ரோபிளாஸ்ட் எஸ்எஃப்ஆர்பி2ன்னு ஒரு புரதத்தை அதிகமா விடுது, அது மெலனோமா செல்லை ஊடுருவற பக்கம் தள்ளுது. வயசான எலிகள்ல தோல்ல இருக்கற கட்டி மெதுவாதான் வளர்ந்தது, ஆனா நுரையீரலுக்கு அதிகமா பரவுச்சு. மேல சொன்ன ரெண்டு தனி நிலைங்கறதுக்கு இதைவிட தெளிவான உதாரணம் நான் பாத்ததில்ல.

நகருதுன்னா நிஜமாவே நகருதா, இல்ல ரத்தம் இழுத்துட்டு போகுதா?

முதல்ல நிஜமாவே நகரும். ஒரு முறையில செல் நீளமா முன்பக்கம் நீட்டி, வழியில இருக்கற கொலாஜன்ங்கற புரத நாரை என்சைமால அரிச்சு பாதை போட்டு போகும். இன்னொரு முறையில உருண்டையாகி, உடம்பை சுருக்கி நெளிச்சு இருக்கற இடுக்கு வழியாவே அமீபா மாதிரி வழுக்கி போகும், இது வேகம் அதிகம். ஒரு வழியை அடைச்சா இன்னொண்ணுக்கு மாறிக்கும். குழாய்க்குள்ள நுழைஞ்சப்புறம்தான் ஓட்டம் இழுத்துட்டு போறது.

ரத்தத்துல கலந்துடுச்சுன்னா எல்லா இடத்துலயும் வந்துடும்தானே?

ரத்தத்துக்குள்ள போற செல்கள்ல ரொம்ப பெரும்பாலானது செத்துதான் போகும். ரத்தத்துல ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜன் சம்பந்தப்பட்ட வேதிப்பொருள்கள் செல்லை கெடுக்கறது, அதிகம், அதுல செல்லோட கொழுப்பு சவ்வே கெட்டு செல் செத்துடும், இதை ஃபெரோப்டோசிஸ்னு சொல்வாங்க. தப்பிக்கறது தன்னோட மெட்டபாலிசத்தை மாத்திக்கிட்ட சில செல்கள் மட்டும்.

நிணநீர்ல அந்த அழுத்தம் குறைவு. ஷான் மாரிசன் குழு 2020ல எலியில காட்டுனது என்னன்னா, நிணநீர்ல இருக்கற ஒலியிக் அமிலம் செல்லோட சவ்வுல சேர்ந்து ஒரு கவசம் மாதிரி ஆகுது, அப்படி தயாரான செல் பின்னாடி ரத்தத்துல போனாலும் பிழைக்குது. மெலனோமா நிறைய நேரம் முதல்ல நிணநீர் கணுவுல தெரியறதுக்கு இதுவும் ஒரு விளக்கம். சர்ஜன் சென்டினல் கணுவை, அதாவது கட்டியில இருந்து வர நிணநீர் முதல்ல போய் சேர்ற கணுவை, எடுத்து பாக்கறது பரவ ஆரம்பிச்சிடுச்சான்னு தெரிஞ்சுக்க. டொனால்ட் மார்ட்டன் குழு 1992ல வெளியிட்ட முறை அது.

ஆக்சிஜனேற்றம் கேன்சர் செல்லை கொல்லுதுன்னா ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடறது நல்லதா கெட்டதா?

மேல இருக்கற பதிலை படிச்சா நீங்களே யூகிக்கலாம். 2015ல ஸ்வீடன்ல மெலனோமா இருக்கற எலிகளுக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன்ங்கற ஆன்டிஆக்சிடன்ட் குடுத்து பாத்தாங்க, தோல் கட்டி பெருசாகல, ஆனா நிணநீர் கணுவுக்கு பரவறது அதிகமாச்சு. எலிக்கு நடந்தது அப்படியே மனுஷனுக்கு நடக்கும்னு இதை வச்சு சொல்ல முடியாது. இருந்தாலும் மெலனோமா இருக்கறவங்க கடையில விக்கற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை டாக்டரை கேக்காம எடுக்க வேண்டாம்கறது என் கருத்து. பழம் காய்கறி தாராளமா சாப்பிடுங்க, அதை பத்தி இல்ல இந்த ஆராய்ச்சி.

கத்தி பட்டா பரவிடும், பயாப்சி எடுக்காதேன்னு பெரியப்பா சொல்றார், உண்மையா?

இல்ல, பயாப்சி எடுத்தவங்களுக்கு அதனால ஆயுசு குறைஞ்சதுன்னு ஆய்வுகள் காட்டல. பரவறதுக்கு செல் என்னென்ன மாறணும்னு மேல பாத்தோம், அதெல்லாம் கத்தி பட்டு நடக்கறது இல்ல. முடிஞ்ச வரைக்கும் மச்சத்தை சுத்தி 1-3 மில்லிமீட்டர் விட்டு முழுசா எடுக்கறதுதான் வழக்கம், ஆழம் சரியா தெரியணுமே. ஆபத்து பயந்துட்டு ஆறு மாசம் சும்மா இருக்கறதுலதான், பெரியப்பாகிட்ட பக்குவமா சொல்லி புரிய வைங்க.

பத்து வருஷம் முன்னாடி எடுத்தாச்சு, சரியாயிடுச்சுன்னாங்க, இப்ப நுரையீரல்ல எப்படி?

பரவுன செல் எல்லாம் உடனே கட்டி ஆகாது. போய் சேர்ந்த இடத்துல பெருகாம சாகாம தூங்குன மாதிரி வருஷக்கணக்குல இருக்கும், ஸ்கேன்ல தெரியற அளவு இருக்காது. 2003ல வெளியான ஒரு கேஸ் இருக்கு, மெலனோமா ஆபரேஷன் முடிஞ்சு 16 வருஷம் ஆன ஒருத்தர் இறந்தப்புறம் அவரோட ரெண்டு கிட்னியையும் ரெண்டு பேருக்கு வச்சாங்க, ரெண்டு பேருக்கும் மெலனோமா வந்துடுச்சு. அந்த ரெண்டு பேரும் கிட்னி ஒட்டிக்கறதுக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து சாப்பிட்டவங்க. அவ்ளோ வருஷமா அந்த செல்களை எழ விடாம வச்சிருந்தது குடுத்தவரோட எதிர்ப்பு சக்திதான்னு புரியுது.

எதிர்ப்பு சக்தி மட்டும் இல்ல, தங்குன இடமும் தீர்மானிக்குது. வயசு பத்தி மேல சொன்ன அதே குழு 2022ல எலியில பாத்தது, இளம் நுரையீரல்ல தூங்கிட்டு இருக்கற செல் வயசான நுரையீரல்ல எழுந்து பெருக ஆரம்பிக்குது. அதனாலதான் செக்கப்பை பாதியில விடாதீங்கன்னு டாக்டர் திரும்ப திரும்ப சொல்றது.

மாத்திரை ஆரம்பிச்சதும் கட்டி அப்படியே கரைஞ்சுது, ஏழெட்டு மாசத்துல திரும்ப வந்துடுச்சு, மாத்திரை போலியா?

மாத்திரை உண்மையானதுதான். பிராஃப் மாற்றத்தை அடக்கற வெமுராஃபெனிப் 2011ல வந்தப்போ கட்டி கரையற வேகத்தை பாத்து எல்லாரும் அசந்துட்டாங்க, ஆனா தனியா குடுத்தா பாதி பேருக்கு ஆறேழு மாசத்துல நோய் திரும்ப முன்னேறிடுச்சு. இப்ப அதே பெருகற சிக்னல்ல பிராஃபுக்கு அடுத்து வர மெக்ங்கற புரதத்தை அடக்கற மருந்தையும் சேர்த்து ரெண்டா குடுக்கறாங்க. டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஜோடியை எடுத்தவங்கள்ல அஞ்சு வருஷம் கழிச்சு 34% பேர் உயிரோட இருந்தாங்க, முன்னாடி இருந்த நிலைமைக்கு இது பெரிய விஷயம்.

சிலருக்கு புது ஜீன் மாற்றத்தால மருந்து கேக்காம போகுது. ஆனா அதுக்கு முன்னாடியே குணமாற்றம் நடக்குது. 2018ல பெல்ஜியத்துல லூவன்ல ஜான்-கிறிஸ்டோஃப் மரீன் குழு, நோயாளிகளோட கட்டியை எலியில வளர்த்து இந்த ஜோடி மருந்தை குடுத்து, சாகாம மிஞ்சுன கொஞ்ச செல்களை ஒண்ணு ஒண்ணா பாத்தாங்க. நாலு விதமா இருந்தது: மெலனின் தயாரிச்சுட்டு இருக்கறது, பட்டினி கிடக்கற மாதிரி இருக்கறது, ஊடுருவற வகை, அப்புறம் நியூரல் கிரெஸ்ட் ஸ்டெம் செல் (பல வகை செல்லா ஆகக்கூடிய மூல செல்) மாதிரி மாறுனது. கருவுல இருந்த அந்த பழைய முகம்தான் இங்கயும் வருது. அந்த நாலாவது நிலையை தடுத்தப்போ நோய் திரும்பி வரது தள்ளிப்போச்சு.

இம்யூனோதெரபிக்கும் டிமிக்கி குடுக்குமா?

குடுக்கும். நம்ம எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல ஏவி விடற சிகிச்சைதான் இம்யூனோதெரபி. எதிர்ப்பு சக்தியோட படைவீரனான டி செல் மெலனோமாவை அடையாளம் கண்டுபிடிக்கற வழிகள்ல ஒண்ணு மெலனோசைட்டுக்கே உரிய புரதங்கள். 2012ல ஜெர்மனியில பான் நகரத்துல எலிகளுக்கு அப்படி ஒரு புரதத்தை குறிவச்சு டி செல் குடுத்தாங்க, கட்டி சுருங்குச்சு, அப்புறம் திரும்ப வந்தப்போ அந்த புரதமே காணோம். தாக்க வந்த செல்கள் உண்டாக்குன வீக்கமும் அதுல சுரக்கற டிஎன்எஃப்பும்தான் மெலனோமா செல்லை அடையாளம் மறைக்கற நிலைக்கு தள்ளுச்சு. வீக்கம் அடங்குனா அடையாளம் திரும்ப வந்துச்சு, அதாவது நிரந்தர இழப்பு இல்ல.

இருந்தாலும் மெலனோமாவுல பெரிய நம்பிக்கை இம்யூனோதெரபிதான். ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல நோபல் கிடைச்சது இதோட அடிப்படைக்கு. இபிலிமுமாப், நிவோலுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்து ரெண்டும் சேர்த்து எடுத்த முத்துன நிலை நோயாளிகள்ல 10 வருஷம் கழிச்சு 43% பேர் உயிரோட இருக்காங்கன்னு 2024ல வெளியாச்சு. நான் படிக்கற காலத்துல இதே நிலைக்கு மாசக்கணக்குலதான் பேசுவாங்க. பிராஃப் மாற்றம் இருக்கறவங்களுக்கும் முதல்ல இதை குடுத்து அப்புறம் மாத்திரைக்கு போறதுல ரெண்டு வருஷத்துல 72% பேர், முதல்ல மாத்திரையில ஆரம்பிச்சதுல 52% பேர் உயிரோட இருந்தாங்க. ஆனா பக்கவிளைவு கடுமையா வரலாம், எல்லாருக்கும் ஒத்துக்காது, அதை டாக்டர்தான் சொல்லணும்.

எல்லா செல்லுக்கும் இந்த திறமை இருக்கா, இல்ல கேன்சர் ஸ்டெம் செல்னு சொல்ற கொஞ்சத்துக்கு மட்டுமா?

எம்எஸ்சி பசங்க விடாம கேக்கறது இது, இதுல சண்டை இன்னும் முழுசா ஓயல. 2008ல மாரிசன் குழு எதிர்ப்பு சக்தியே இல்லாத எலிகளுக்கு ஒரே ஒரு மெலனோமா செல்லை மட்டும் போட்டு பாத்தாங்க, கிட்டத்தட்ட நாலுக்கு ஒண்ணு கட்டி ஆச்சு. அபூர்வமான ஸ்டெம் செல்தான் எல்லாத்துக்கும் காரணம்னா இப்படி ஆகாது. ஆனா 2022ல மரீன் குழு எலியோட மெலனோமாவுல, கட்டியை வளர்க்கற செல்லும் பரவற செல்லும் வேற வேற கூட்டம்னும், வளர்க்கற செல்கள் ரத்தக்குழாய் பக்கத்துல இருக்குன்னும் காட்டுனாங்க.

எனக்கு ரெண்டும் முரணா தெரியல. திறமை பல செல்லுக்கு இருக்கு, அந்த நேரத்துல எது எந்த வேலையை செய்யுதுங்கறதை அது இருக்கற இடம் முடிவு பண்ணுது.

அப்போ குணம் மாறுறதையே தடுத்துட்டா போதுமே மேம், ஏன் பண்ண மாட்டேங்கறாங்க?

பண்ண பாக்கறாங்க, ஆனா எந்தப் பக்கம் தள்ளறதுங்கறதுதான் சிக்கல். நகர்றதை தடுக்க பெருகற நிலையிலயே பிடிச்சு வச்சா, ஏற்கனவே பல இடத்துல பரவி இருக்கறவங்களுக்கு தூங்கற செல்லும் சேர்ந்து எழுந்து பெருகிடும். பெருகறதை மட்டும் அடக்கற மருந்து குடுத்தா மெதுவான நிலையில இருக்கறது மிஞ்சும், மாத்திரை கேள்வியில பாத்த மாதிரி.

அதனால சிலர் வேற மாதிரி யோசிச்சாங்க: செல்லோட குணத்தை நாமே மாத்தி, ஒரே பக்கமா கொண்டுவந்து அங்க அடிக்கலாம்னு. 2013ல வெளியான ஒரு ஆய்வுல மெத்தோட்ரெக்சேட்ங்கற பழைய மருந்தை குடுத்து எம்ஐடிஎஃப்ஐ கூட்டுனாங்க, செல்கள் ஊடுருவறதை விட்டுட்டு மெலனின் தயாரிக்கற பக்கம் வந்துச்சு, அப்போ மெலனின் தயாரிக்கற என்சைம் இருக்கற செல்லுக்குள்ள மட்டும் விஷமா மாறுற இன்னொரு மருந்தை குடுத்து கொன்னாங்க. எலியில நல்லா வேலை செஞ்சது. மெலனோமாவுக்கு இது வழக்கமான சிகிச்சை ஆகல, அதனால மெத்தோட்ரெக்சேட் கிடைக்குதேன்னு யாரும் தானா வாங்கி சாப்பிடாதீங்க, அது கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் கெடுக்கக்கூடிய மருந்து.